பழகிய கை, யாருடைய மனம்?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் அறுவை அரங்கில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் கண்புரையை அகற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததில் இன்னொருவரைத் தயார்ப்படுத்தி வைத்துவிடுவார்கள். தயார்ப்படுத்துவதும், கருவிகளை எடுத்துக் கொடுப்பதும், அதற்கு முன்பே பார்வையைச் சோதித்துக் கண்ணழுத்தம் பார்ப்பதும் அங்கே 'சிஸ்டர்' என்று அழைக்கப்படும் பெண்கள். பெரும்பாலும் கிராமங்களிலிருந்து, பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள். பெற்றோரையும் வரவழைத்துப் பேசித் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி தருகிறார்கள். அடிப்படைகளைக் கற்றபின் ஒவ்வொருத்தியும் ஒரு வேலையில் தேர்கிறாள். அதையே நாள்தோறும் செய்கிறாள்.

1976-இல் 11 படுக்கைகளோடு இந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவர். இளமையில் வந்த முடக்குவாதம் அவர் விரல்களைக் கோணலாக்கிவிட்டது. அந்த விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் செய்தார். உலகை விட்டு விலகாமல் வாழ்வையே யோகமாக்கச் சொன்ன ஸ்ரீ அரவிந்தரின் நெறியில் ஊறியவர். மருத்துவமனைக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். அவரே அமெரிக்காவின் மெக்டொனால்ட்ஸ் கடைகளையும் வியந்து பேசினார். எந்த ஊருக்குப் போனாலும் ஒரே தரம். யாரையும் பழக்கி எடுத்துவிடும் முறை. கண் மருத்துவத்தை ஏன் அப்படி எல்லோருக்கும் எட்டச் செய்ய முடியாது என்பது அவருடைய கேள்வி.

யோகமும் உற்பத்தி முறையும் ஒரு கூரையின்கீழ் வந்தால், பழைய தத்துவச் சிக்கல் ஒன்றும் கூடவே வந்துவிடுகிறது. ஒரே செயலைப் பல்லாயிரம் முறை செய்யப் பழக்குவது மனிதரை உயர்த்துமா, தேய்த்துவிடுமா? 1776-இல் வெளியான தம் நூலின் தொடக்கத்தில், குண்டூசி செய்யும் வேலையைப் பதினெட்டுப் பங்காகப் பிரித்தால் உற்பத்தி எப்படிப் பெருகும் என்று காட்டினார் ஆடம் ஸ்மித். அதே நூலின் பிற்பகுதியில், ஓரிரு எளிய செயல்களிலேயே ஆயுளைக் கழிப்பவரின் அறிவு மழுங்கிப்போகும் என்று எச்சரித்தவரும் அவரேதான்.

அந்த மழுங்கலைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர் சிமோன் வெய்ல். பிரான்சில் தத்துவ ஆசிரியையாக இருந்தவர், 1934 டிசம்பரில் பாரிஸ் தொழிற்சாலை ஒன்றில் கூலியாகச் சேர்ந்தார். அடுத்த ஆகஸ்ட் வரை, ரெனோ உட்பட மூன்று இடங்களில் வேலை. தீராத தலைவலி, எண்ணிக்கைக்கு ஏற்ற கூலி என்பதால் எப்போதும் அவசரம். உடல்வலியைவிட அவரை நொறுக்கியது, தான் செய்யும் உதிரி பாகம் எங்கே போகிறது, எதற்குப் பயன்படுகிறது என்று தெரியாத நிலை. மனம் செலுத்த எதுவுமில்லை. ஆனால் மனத்தை வேறெங்கும் விடவும் முடியாது. கவனமே பிரார்த்தனையின் சாரம் என்று பின்னாளில் எழுதியவருக்கு இது வெறும் அலுப்பாகத் தோன்றவில்லை. ஆன்மாவின் உணவைப் பறிப்பதாகவே தோன்றியது.

மதுரைச் சிஸ்டரின் வேலையும் திரும்பத் திரும்பச் செய்வதுதான். ஆனால் மறுநாள் கட்டைப் பிரிக்கும்போது எதிரே ஒரு முகம் இருக்கிறது. தன் கை எதற்குப் பழகியது என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று: டாக்டர்களும் சிஸ்டர்களும் கட்டணப் பிரிவிலும் இலவசப் பிரிவிலும் மாறி மாறிப் பணிபுரிகிறார்கள். எல்லோரையும் சமமாகப் பார் என்ற உபதேசத்தைப் பயிற்சி வகுப்பில் எத்தனை மணி நேரமும் சொல்லலாம். அதைப் பணிமுறைப் பட்டியலில் எழுதிவைத்தால்தான் அது பழக்கமாகும். நிறுவனம் சமநோக்கைக் கற்றுக்கொடுக்க இதைவிட நேர்மையான வழி இருப்பதாகத் தெரியவில்லை.

இங்கே ஓர் எல்லைக் கோட்டைக் கிழித்தாக வேண்டும். வேலையே வழிபாடு என்பது செய்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும்போது உண்மை. சம்பளம் கொடுப்பவர் அதைச் சொல்லத் தொடங்கினால் உடனே கூலியையும் வேலை நேரத்தையும் விசாரிக்க வேண்டும். பலனில் பற்று வைக்காதே என்று கண்ணன் சொன்னது களத்தில் நிற்பவனிடம். பலனைப் பங்கிடும் இடத்தில் இருப்பவருக்கு அது சலுகை ஆகாது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே நிறுவனத்தின் இலட்சிய வாசகங்களை ஒப்பிக்கக் கற்றுத்தரும் பயிற்சிகள் இந்தக் கோட்டைத்தான் தாண்டுகின்றன. கையைப் பழக்க முதலாளிக்கு உரிமை உண்டு. கண்ணெதிரே நோக்கத்தைக் காட்ட வேண்டிய கடமையும் உண்டு. அர்ப்பணிப்பு மட்டும் தொழிலாளியின் சொந்தச் சொத்து. அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் அவர் விருப்பம்.

வெய்ல் இதை நன்கு உணர்ந்திருந்தார். 1936-இல், வார்ப்படத் தொழிற்சாலை ஒன்றின் உள்சுற்று இதழுக்கு எழுத முன்வந்தார். தொழிலாளர்கள் தங்களை எது வருத்துகிறது என்று மனம் திறந்து எழுத வேண்டும் என அழைக்கும் கட்டுரைதான் அவர் முதலில் கொடுத்தது. மேலாளர் அதை ஏற்கவில்லை. பிறகு சோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி' நாடகக் கதையை எளிய நடையில் எழுதிக் கொடுத்தார். அது அச்சாயிற்று. அரசனின் ஆணையை எதிர்த்து நின்ற ஒரு பெண்ணின் கதையை அந்த ஆலை தாராளமாக வெளியிட்டது; தன் தொழிலாளர்களின் குரலை வெளியிடத் துணியவில்லை. முதல் கட்டுரை வந்திருந்தால், அந்த ஆலையில் அன்று பயிற்சி பெற வேண்டியவர் மேலாளராக இருந்திருப்பார்.