இரை தீர்ந்த பிறகு

போன வருடம் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, என் மீன்தொட்டியின் கண்ணாடியில் துரு நிறத்தில் நான்கைந்து புள்ளிகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றும் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. உற்றுப் பார்த்தால் நகர்ந்தன. பின்பக்கம் மூன்றாகப் பிரிந்த வால். உண்மையைச் சொன்னால் அழகாகத்தான் இருந்தன. ஃபோனில் படம்கூட எடுத்து வைத்தேன். மே மாதம் முடிவதற்குள் தொட்டியின் மணல், பாறை, பவளங்களின் மேல்புறம் எல்லாம் அந்தத் துரு படர்ந்துவிட்டது. இப்போது என் முன்னால் இருந்தது வேறு கேள்வி: இவற்றை எப்படிக் கொல்வது?

நான் தூத்துக்குடிக்காரன். கடலடித் திட்டை எங்கள் பக்கம் 'பார்' என்பார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியும் பவளத் திட்டுகள் உண்டு. ஆனால் ஊரில் இருந்தவரை உயிருள்ள பவளம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. வேலைக்காக நியூஜெர்சி வந்து, பனிக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த ஒரு வருடத்தில்தான் இந்தப் பழக்கம் தொற்றியது. 280 லிட்டர் உப்புநீர், நீல விளக்கு, அலையை நடிக்கும் பம்பு. பண்ணைகளில் வளர்த்து வெட்டிய பவளத் துண்டுகளை இங்கே விற்கிறார்கள். 'ஃப்ராக்' என்று பெயர். அப்படி வாங்கிய ஒரு துண்டின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்ததுதான் இந்தப் புழு.

தொட்டி வைத்திருப்பவர்கள் இதைத் தட்டைப்புழு என்கிறார்கள். பெயரே தவறு. இதன் கூட்டம் தட்டைப்புழுக்களின் தொகுதியைச் சேர்ந்ததே அல்ல என்று 1999இல் மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. இதற்குக் குடல் கிடையாது, மலவாய் கிடையாது. முன்புறம் ஒளியை உணரும் இரண்டு புள்ளிகள் மட்டும் உண்டு. அறிவியல் பெயர் கன்வோலூட்ரிலோபா ரெட்ரோஜெம்மா. 1988இல் இதை முதன்முதலில் விவரித்தபோது, ஆராய்ந்த மாதிரி கடலிலிருந்து வந்ததல்ல, ஒரு மீன்தொட்டியிலிருந்து எடுத்தது. குட்டி போடும் விதமும் விசித்திரம். தாயின் பின்முனையில் மொட்டு விடும், அந்த மொட்டின் தலை தாய்க்கு நேர் எதிர்த் திசையைப் பார்த்திருக்கும். கொஞ்ச நேரம் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், பிறகு அறுந்து பிரியும். இணை தேவையில்லை. ஒன்று இருந்தால் போதும், ஆயிரம் ஆகிவிடும்.

சரி, அது செய்த குற்றம் என்ன? பவளத்தை அது தின்பதில்லை. பவளம் தின்னும் புழு வேறு இனம். என் தொட்டிக்கு வந்தது, கண்ணுக்குத் தெரியாத சின்ன ஓட்டுயிர்களைப் பிடித்துத் தின்னும். மற்றபடி பவளம் எப்படிப் பிழைக்கிறதோ அப்படியே பிழைக்கிறது. பவளத்தின் திசுவுக்குள் ஒற்றைச்செல் பாசி குடியிருக்கிறது, வெளிச்சத்தை உணவாக்கி வீட்டுக்காரருக்கு வாடகை தருகிறது. இந்தப் புழுவின் உடம்புக்குள்ளும் பாசி உண்டு, அதே ஏற்பாடு. அதனால்தான் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து மேலே ஏறி உட்காருகிறது. வெளிச்சம் விழும் இடத்தில் பவளம் இருக்கிறது. புழு போர்வை போல மூட, அடியிலிருக்கும் பவளம் வெளிச்சமில்லாமல் சுருங்குகிறது. இதுதான் முழுக் குற்றப்பத்திரிகை. ஒரே வெளிச்சத்துக்கு இரண்டு பேர். ஒருவரை நான் எண்பது டாலர் கொடுத்து வாங்கியிருக்கிறேன், மற்றவர் சும்மா வந்தவர்.

களை, பூச்சி, தொல்லையுயிர் எல்லாம் உயிரியல் சொற்களே அல்ல என்று அப்போது தோன்றியது. அவை பட்டா சம்பந்தப்பட்ட சொற்கள். யார் பெயரில் நிலம் இருக்கிறது, யார் ஆக்கிரமித்தவர் என்பதைத்தான் சொல்கின்றன. இப்படி யோசித்துக்கொண்டே இருந்ததில் மூன்று வாரம் போயிற்று. அதற்குள் ஒரு பவளம் வெளுத்தே போய்விட்டது. ஒன்றும் செய்யாமலிருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் ஒரு உயிர் விலை கொடுக்கிறது என்பது அன்று உறைத்தது.

வழிகள் மூன்று. ஒன்று, மெல்லிய குழாயை வைத்து சைஃபன் போல உறிஞ்சி எடுப்பது. எண்ணிக்கை குறையும், தீராது. இரண்டு, மருந்து. கால்நடைக்குக் குடற்புழு நீக்கத் தரும் லெவாமிசோல்கூட இதற்குப் பயன்படுகிறது. அதில் ஒரு சிக்கல்: சாகும் புழு தன் உடம்பிலிருக்கும் நஞ்சைத் தண்ணீரில் விட்டுவிடும். மொத்தமாகச் செத்தால் மீனும் கூடவே சாகலாம். மூன்றாவது வழி, கெலிடோனூரா வேரியன்ஸ் என்கிற கடல் நத்தை. வெளியே ஓடு தெரியாது. கறுப்பு வெல்வெட் துணியில் மின்நீலக் கோடு இழுத்த மாதிரி உடம்பு. இந்த வகைப் புழுக்கள்தான் அதன் சாப்பாடு. வேறு எதையும் தொடாது.

நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் கேட்டவர்களிடம் "இயற்கை வழி" என்று சொன்னேன். சொல்லும்போது ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது. மருந்து ஊற்றினால் கொல்வது நான். நத்தை தின்றால் அது இயற்கை. ஆபீஸில் நமக்குச் செய்யப் பிடிக்காத வேலையை கான்ட்ராக்டரிடம் தள்ளுவோமே, அதே புத்தி.

நத்தை வந்தது. முன்புறத்து நுண்மயிர்களால் தடவித் தடவிப் புழுவைக் கண்டுபிடிக்கும், அப்படியே முழுசாக உறிஞ்சும். ராத்திரி வேலை முடிந்து வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். மனைவி "டிவியே வேண்டாம் போல" என்பாள். ஐந்தாவது வாரம் கண்ணாடி சுத்தமாகிவிட்டது. பாறையில் புழு இல்லை, மணலில் இல்லை. நத்தை மட்டும் கண்ணாடி ஓரமாகச் சுற்றிச் சுற்றி வந்தது.

வேறு எதையும் அது தொடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கினேன். இங்கே தொட்டி வைத்திருப்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் நத்தையைப் புழு இருக்கும் இன்னொருவர் தொட்டிக்குக் கொடுத்துவிடுவார்கள். நாற்பது நிமிட தூரத்தில் ஒருவர் கேட்டும் இருந்தார். "இந்த வாரக் கடைசியில் கொண்டுவருகிறேன்" என்றேன். அந்த வாரம் ரிலீஸ். அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம், இன்னும் ஓரிரு புழு மறைந்திருக்கலாம், நத்தை இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்க்க அழகாக இருந்தது என்பதுதான் நிஜமான காரணம். நத்தை நாளுக்கு நாள் சிறுத்தது. இரை கிடைக்காத உடம்பு தன்னையே தின்று குறுகுகிறது. மூன்று சென்டிமீட்டர் இருந்தது, பாதியானது. ஒரு காலையில் பம்பின் வடிகட்டிப் பஞ்சில் ஒட்டிக் கிடந்தது.

அதோடு முடியவில்லை. இரண்டு மாதம் கழித்துப் புழு திரும்ப வந்தது. எங்கோ ஒன்று ஒளிந்திருந்திருக்கிறது. இம்முறை மருந்துதான். மூன்று இரவு சைஃபன் வைத்து உறிஞ்சி எண்ணிக்கையைக் குறைத்தேன். நான்காம் நாள் புதுத் தண்ணீரும் ஆக்டிவேட்டட் கார்பனும் தயாராக வைத்துக்கொண்டு மருந்தை ஊற்றினேன். சில நிமிடங்களில் புழுக்கள் பிடி தளர்ந்து, சுருண்டு, தண்ணீரில் துருத்தூள் போலச் சுழன்றன. உறிஞ்சி எடுத்தேன், கார்பன் போட்டேன், தண்ணீர் மாற்றினேன். மீன்கள் பிழைத்தன. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

என்னை உறுத்துவது இதுதான். என் கையாலேயே ஆயிரக்கணக்கில் கொன்ற இரவு தூக்கம் வந்தது. நான் தொடவே தொடாத ஒரு நத்தை செத்தது இன்றுவரை தொந்தரவு செய்கிறது. அழகுதான் காரணமா? புழு அசிங்கம், நத்தை வெல்வெட் என்பதாலா? கொஞ்சம் அதுவும் இருக்கும். இல்லை, அறிவு வரிசையா? தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவிலிருந்து ஆறறிவு வரை அடுக்குகிறது. அதில் நத்தைக்கு ஈரறிவு. புழு அதற்கு மேலா கீழா என்று வாதாடலாம். 1975இல் வெளிவந்த 'அனிமல் லிபரேஷன்' நூலில் பீட்டர் சிங்கர், அறிவை அல்ல, துன்புறும் திறனைத்தான் அளவுகோலாக வைத்தார். அந்தக் கோலை வைத்தாலும் இந்தப் புழுவுக்கும் நத்தைக்கும் நடுவில் பெரிய கோடு போட எனக்குத் துணிவில்லை. இந்த அளவுகோல்கள் எல்லாம் எதிரே இருக்கும் உயிரை அளக்கின்றன. எனக்கும் அந்த உயிருக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை அளப்பதில்லை.

புழு என் தொட்டிக்குத் தானாக வந்தது. நத்தையை நான் வரவழைத்தேன். ஒரு வேலைக்காக வரவழைத்தேன், அந்த வேலையை அது முடித்தது. முடிக்கும்போதே தன் சாப்பாட்டையும் முடித்துவிட்டது. கடலில் இது நடக்காது. அங்கே இந்தத் திட்டில் இரை தீர்ந்தால் அடுத்த திட்டு இருக்கிறது. புழுவும் அங்கே பூச்சி ஆவதில்லை. நீரோட்டம் அடித்துப் போகும், மீன் கொத்தும், வெளிச்சத்துக்கும் பஞ்சமில்லை. சுவர் வைத்த பிறகுதான் ஒன்று பூச்சியாகிறது, இன்னொன்று வேலை முடிந்த கூலியாகிறது. சுவரை வைத்தது நான். வைத்தவனுக்கு, உள்ளே நடப்பது எதையும் இயற்கை என்று சொல்லித் தப்பிக்க உரிமையில்லை.

இப்படிச் சொல்வதால் புழுக்களைக் கொன்றது சரியென்று ஆகிவிடாது. பவளமா புழுவா என்ற இடத்தில் நான் பவளத்தின் பக்கம் நின்றேன், கணக்கில் அது கொலை என்றே இருக்கட்டும். ஆனால் அங்கே எனக்கு வேறு வழி குறைவு. நத்தை விஷயத்தில் வழி இருந்தது. நாற்பது நிமிட கார் பயணம். கொல்லாமை என்றதும் நம் மனம் கத்தியை, மருந்தை, கையை நினைக்கிறது. தள்ளிப்போடுவதை நினைப்பதில்லை.

அம்மாவிடம் வீடியோ காலில் இதையெல்லாம் ஒருநாள் நீளமாகச் சொன்னேன். தொல்காப்பியம், சிங்கர் எல்லாம் சேர்த்துத்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஆளுதான் கேட்டாருல்லாய்யா, கொண்டுபோய்க் குடுத்திருக்கலாம்லா?" என்றாள். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

இப்போது புதிதாக எந்த ஃப்ராக் வாங்கினாலும் மருந்துத் தண்ணீரில் முக்கி, தனித் தொட்டியில் ஆறு வாரம் வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுகிறேன். அந்த மருந்துத் தண்ணீரின் அடியில் சில சமயம் ஏதாவது சின்னதாக மிதக்கும். பார்த்துவிட்டுத்தான் கொட்டுகிறேன். போன மாதம் அந்த நாற்பது நிமிட தூரத்து நண்பருக்கு நத்தை கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவர் தொட்டியில் புழு தீர்ந்ததும் யாருக்குத் தேவைப்படும் என்று இப்போதே நான்கைந்து பேரிடம் விசாரித்து, பெயர் எழுதி வைத்திருக்கிறேன். கொண்டுபோய்க் கொடுப்பது நான்.