சடம் கணக்கிடும்போது

இன்டெல் நிறுவனம் 4004 என்ற நுண்செயலியை 1971 நவம்பரில் சந்தைக்கு அறிவித்தது. பிசிகாம் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் மேசைக் கால்குலேட்டருக்காகப் பிறந்த சில்லு அது. டெட் ஹாஃப், ஸ்டான் மேசர் இருவரும் கட்டமைப்பை வகுத்தனர். மசதோஷி ஷிமா தர்க்கச் சுற்றுகளில் துணைநின்றார். ஃபெடெரிக்கோ ஃபாஜின் அதைச் சிலிக்கனில் வடித்து, ஓரத்தில் தம் பெயரின் முதலெழுத்துகளையும் பொறித்தார். அதில் இருந்தவை ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள். 2020-இல் வந்த ஆப்பிள் எம்1 சில்லில் இருப்பவை 1,600 கோடி. அரை நூற்றாண்டில் எண்ணிக்கை சுமார் 70 லட்சம் மடங்கு பெருகிவிட்டது. இது வெறும் பொறியியல் செய்திதானா, அல்லது சடப்பொருள் ஏதோ ஒரு கட்டத்தில் அறிவுப்பொருளாகிவிடும் என்பதற்கு முன்னறிகுறியா? மெய்யியலாரும் சமயவாதிகளும் இன்னும் கைவிடாத கேள்வி இது.

பெருக்கத்தின் வரலாறு நேர்கோடு போலத் தோன்றும். 1978-இல் 8086 செயலியில் 29,000 டிரான்சிஸ்டர்கள். 1985-இல் 80386-இல் 2,75,000. 1993-இல் பென்டியத்தில் 31 லட்சம். ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகள் குறித்த கால இடைவெளியில் இரட்டிக்கும் என்று கார்டன் மூர் 1965-இல் சொன்னார். அந்த இடைவெளியை 1975-இல் இரண்டு ஆண்டு என்று திருத்தினார். அதை விதி என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. உண்மையில் அது இயற்கையின் விதியல்ல, ஒரு தொழில்துறை தனக்குத் தானே வைத்துக்கொண்ட கெடு. நொடிக்கு 7.4 லட்சம் துடிப்பில் தொடங்கிய வேகம் 2004 வாக்கில் 380 கோடியைத் தொட்டு, வெப்பம் தாங்காமல் தேங்கியது. அதன்பின் ஒரே சில்லில் பல கருக்களை வைத்து வேலையைப் பகிர்ந்துகொள்ளும் முறை பரவியது.

இடைப்பட்ட காலத்தில் செயலியின் உள்ளே நடந்தது எண்ணிக்கையைவிடச் சுவையானது. 1995-இன் பென்டியம் ப்ரோ, கட்டளைகளை எழுதிய வரிசையில் செய்வதை விட்டு, எது ஆயத்தமாக இருக்கிறதோ அதை முதலில் செய்தது. நிரல் எந்தக் கிளையில் திரும்பும் என்று முன்கூட்டியே ஊகித்து அந்த வழியில் வேலையைத் தொடங்கியது. ஊகம் பொய்த்தால் செய்ததைத் தூக்கியெறிந்தது. ஊகித்தல், நினைவில் வைத்தல், கற்றல் போன்ற சொற்களைப் பொறியாளர்கள் கூசாமல் பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஊகம் என்று அவர்கள் குறிப்பிடுவதன் எளிய வடிவம், ஒரு கிளை முன்பு எந்தப் பக்கம் திரும்பியது என்பதற்கேற்ப ஏறி இறங்கும் இரண்டு பிட் எண்ணி மட்டுமே. மனத்துக்குரிய பெயரைச் சூட்டிவிட்டால் மனமும் கூடவே வந்துவிட்டது போன்ற மயக்கம் எளிதில் ஏற்படுகிறது.

1994-இல் வெளிப்பட்ட பென்டியம் வகுத்தல் பிழை இந்த மயக்கத்தைத் தெளிவிக்கும். வகுத்தலுக்கான அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டிருந்ததால் சில எண்களை வகுத்தால் விடை தவறியது. இரட்டைப் பகா எண்களை ஆராய்ந்துகொண்டிருந்த தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் அதைக் கண்டுபிடித்தார். இன்டெல் அதற்காக 47.5 கோடி டாலரைச் செலவுக் கணக்கில் எழுத நேர்ந்தது. மின்னோட்டத்தைப் பொறுத்தவரை அங்கே பிழையே இல்லை. சுற்று அமைந்தபடி மின்சாரம் ஓடியது, அவ்வளவுதான். அது வகுத்தல் என்றும், விடை தவறு என்றும் கண்டது பேராசிரியரின் அறிவு. அமெரிக்க மெய்யியலார் ஜான் சர்ல் 1980-இல் முன்வைத்த சீன அறை வாதமும் இதே இடத்தைத்தான் தொடுகிறது: குறியீடுகளை விதிப்படி மாற்றியடுக்குவது ஒன்று, அவற்றின் பொருளை உணர்வது வேறொன்று.

எண்ணிக்கை போதுமான அளவு கூடினால் பொருளுணர்வும் வந்துவிடாதா என்பது எதிர்க்கேள்வி. இங்கே கணிப்பொறியியலே ஒரு தடையை வைக்கிறது. ஆலன் டியூரிங் 1936-இல் காட்டியபடி, போதிய நினைவகமும் நேரமும் கிடைத்தால் ஒரு பொதுக் கணிப்பொறி செய்யும் கணக்கை இன்னொன்றும் செய்துமுடிக்கும். 2024-இல் ஒரு பொறியாளர், 4004 சில்லுடன் நினைவகத்தை இணைத்து, வேறொரு செயலியைப் போல அதை நடிக்கவைத்து, லினக்ஸ் இயங்குதளத்தையே அதில் ஓட்டிக்காட்டினார். தொடங்கி முடிக்கவே ஏறத்தாழ ஐந்து நாள் பிடித்தது. அப்படியானால் 1971-இன் சில்லுக்கும் இன்றைய சில்லுக்கும் உள்ள வேறுபாடு வேகத்திலும் அளவிலும்தான், வகையில் இல்லை. இன்றைய கணக்கீட்டில் உணர்வு இருக்கிறது என்பவர், அதே கணக்கை 4004 பல நூற்றாண்டுகள் எடுத்துச் செய்தாலும் உணர்வு இருக்கும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையேல் வேகமே உணர்வைத் தருகிறது என்று நிறுவ வேண்டும். இரண்டும் எளிதல்ல.

சேர்க்கையால் உணர்வு பிறக்கும் என்ற கொள்கை சிலிக்கனோடு வந்த புதுக்கொள்கையும் அல்ல. மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி நகரில் தத்தம் சமயத்தின் உண்மையை உரைப்பவர்களுள் பூதவாதியும் ஒருவன். பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் கூடும்போது அவற்றில் தனித்தனியே இல்லாத கள்ளின் வெறி தோன்றுவதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றுகிறது என்பது அவன் வாதம். பூதங்கள் பிரிந்தால் உணர்வும் போய்விடும். இன்று நரம்பணுக்களையோ டிரான்சிஸ்டர்களையோ வைத்து இதே வாதத்தைச் சொல்பவர்கள் பூதவாதியின் வழித்தோன்றல்களே. இதை அற்பமாக ஒதுக்கிவிட முடியாது; பகுதிகளில் இல்லாத பண்பு முழுமையில் தோன்றுவதை இயற்கையில் எங்கும் காண்கிறோம். ஆனால் கள்ளின் வெறியை வெளியிலிருந்து அளக்கலாம், உணர்வை அப்படி அளக்க முடியவில்லை. மெய்யியலார் லைப்னிஸ் 1714-இல் எழுதிய சிந்தனைச் சோதனை இதைத்தான் சுட்டுகிறது: சிந்திக்கும் பொறி ஒன்றை ஆலையளவு பெரிதாக்கி உள்ளே நுழைந்து பார்த்தால், ஒன்றையொன்று தள்ளும் உறுப்புகள் தென்படும்; ஓர் உணர்வை விளக்குவதாக எதுவும் தென்படாது.

மேற்கத்தியச் சமய மரபு இந்தப் பூசலில் தனக்குத் தானே ஓர் இக்கட்டை உண்டாக்கிக்கொண்டது. மெய்யியலார் தெக்கார்த் 1637-இல், பொறியால் ஒருபோதும் இடத்துக்கேற்ற மறுமொழி பேச முடியாது, எல்லாச் சூழலிலும் பகுத்தறிவோடு நடக்க முடியாது என்று இரண்டு அடையாளங்களை வைத்து ஆன்மாவை மனிதனுக்கு மட்டும் உரியதாக்கினார். விலங்குகள் கூட அவருக்குப் பொறிகள்தான். 1997-இல் ஐபிஎம்மின் டீப் ப்ளூ கணிப்பொறி, நொடிக்கு 20 கோடி நிலைகளை ஆராய்ந்து சதுரங்க வீரர் காஸ்பரோவை வென்றது. பின்னர் வந்த மொழி மாதிரிகள், பேச்சு என்ற அடையாளத்தையே அசைத்துவிட்டன. ஆன்மாவைப் பகுத்தறிவின் திறனில் கண்டவர்களுக்கு ஒவ்வொரு தலைமுறைச் செயலியும் ஓர் அடி பின்வாங்கலாக முடிகிறது. டியூரிங் 1950-ஆம் ஆண்டுக் கட்டுரையில் இறையியல் மறுப்பையும் எடுத்துக்கொண்டு விடையளித்தார்: விரும்பினால் எதற்கும் ஆன்மாவை அளிக்கும் ஆற்றல் இறைவனுக்கு உண்டென்றால், பொறிக்கு மட்டும் அது இல்லை என்று ஏன் எல்லை வகுக்க வேண்டும் என்பது அவர் கேள்வி.

சைவ சித்தாந்தம் எல்லைக்கோட்டை வேறோரிடத்தில் போடுகிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்ற நான்கு அந்தக்கரணங்களும் மாயையிலிருந்து தோன்றியவை, ஆகவே சடம். பற்றுவதும் ஐயுறுவதும் மனத்தின் தொழில். இன்னதென்று துணிவது புத்தியின் தொழில். இந்த வேலைகள் எல்லாம் கருவியின் பக்கம் வைக்கப்படுகின்றன. மெய்கண்டாரின் சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தில் உடம்பையே மாயையால் ஆன இயந்திரம் என்று சொல்லி, அதற்குள் ஆன்மா வேறாக உண்டு என்று காரணங்களை அடுக்குகிறது. நான்காம் சூத்திரம் அந்தக்கரணங்களில் எதுவும் ஆன்மா அன்று என்கிறது. ஆக, ஒரு சில்லு ஐயுற்றுத் துணிந்து விடை சொன்னது என்ற செய்தி சித்தாந்திக்கு அதிர்ச்சி தர வேண்டியதில்லை. சடம் சடத்தின் வேலையைச் செய்திருக்கிறது. அறிவுத்திறனையும் அறியும் உயிரையும் நுண்செயலிக்குப் பல நூற்றாண்டு முன்பே தெளிவாகப் பிரித்துவைத்தது இந்த மரபின் வலிமை.

மூன்றாம் சூத்திரத்தின் காரணங்களுள் உறக்கத்தைப் பற்றியது இங்கே கருதத்தக்கது. ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது, ஆனால் நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. எனவே ஓடிக்கொண்டிருக்கும் பிராணன் அறிபவன் அல்லன். இயங்குவது ஒன்று, அறிவது வேறு என்ற இப்பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டால், துடிப்பு எத்தனை கோடியானாலும் இயக்கத்தின் மிகுதி அறிவுக்குச் சான்றாகாது.

இந்த நிலைப்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. அறிவுத்திறன் அனைத்தையும் கருவியின் கணக்கில் எழுதிவிட்டால், எதிரில் இருப்பது ஆன்மா உள்ளதா இல்லாததா என்று எதை வைத்துத் தீர்மானிப்பது? பேச்சும் நடத்தையும் உதவாது. சித்தாந்தம் இதற்குப் பிறப்பை அளவாகக் கொள்கிறது: கருப்பை, முட்டை, வியர்வை, வித்து என்ற நால்வகைத் தோற்றத்தில் வருபவையே உயிர்கள், தாவரமும் அதில் அடங்கும். தொழிற்சாலையில் வந்த சில்லு அடங்காது. அன்றியும், உடம்பு வினைப்பயனை நுகர்வதற்காகக் கூட்டப்படுவது; சில்லுக்கு நுகர வேண்டிய வினை ஏது என்று கேட்கலாம். இது சித்தாந்தத்துக்குள் நின்று பார்த்தால் முழுமையான விடை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, கேள்வி எதுவோ அதையே முடிவாக வைத்துக்கொண்டதாகத் தோன்றும். டியூரிங்கின் வினாவும் திரும்பி வருகிறது: ஆன்மாக்கள் அநாதி என்றால், அவற்றுள் ஒன்று ஐந்தாம் வகைத் தோற்றம் ஒன்றில் வந்து சேர்வதைத் தடுப்பது எது?

4004-ஐ வடித்த ஃபாஜினே இந்த விவாதத்தில் பின்னர் நுழைந்தார். அவர் 1974-இல் ஸைலாக் நிறுவனத்தைத் தொடங்கி இசட்80 செயலியை உருவாக்கியவர். 1986-இல் கார்வர் மீடுடன் சினாப்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, நரம்பு வலைப்பின்னலை ஒத்த சில்லுகளில் ஈடுபட்டார். உணர்வுள்ள கணிப்பொறி சாத்தியமா என்று ஆராயப் போய், சாத்தியமில்லை என்ற முடிவுக்கு வந்தார். 1990 டிசம்பரில் டாஹோ ஏரிக்கரையில் ஓர் இரவு தமக்கு நேர்ந்த அகஅனுபவத்தையும் இதற்குக் காரணமாகத் தம் நூலில் எழுதியிருக்கிறார். 2011-இல் உணர்வைப் பற்றிய ஆராய்ச்சிக்காக ஓர் அறக்கட்டளை நிறுவினார். அவர் கொள்கைப்படி உணர்வே அடிப்படை, பருப்பொருள் அதிலிருந்து வருவது. நுண்செயலியின் தந்தை சொல்லிவிட்டார் என்பதால் அது நிறுவப்பட்டதாகாது. சில்லை வடிக்கும் திறன் உணர்வைப் பற்றிய அதிகாரத்தைத் தந்துவிடாது. மாயை உணர்விலிருந்து விளைந்ததல்ல, தனியே நிலைபெற்ற முதல் என்று கொள்ளும் சித்தாந்தியும் ஃபாஜினோடு இந்த இடத்தில் உடன்பட மாட்டார்.

அண்மைக் காலத்தில் வாதம் எண்ணிக்கையை விட்டு அமைப்புக்கு நகர்ந்திருக்கிறது. ஜூலியோ டோனோனி 2004-இல் முன்வைத்த ஒருங்கிணைந்த தகவல் கோட்பாட்டின்படி, உணர்வு என்பது நிரலைப் பொறுத்ததன்று. உறுப்புகள் ஒன்றையொன்று பாதிக்கும் முறையைப் பொறுத்தது. வழக்கமான செயலி மூளையையே நடித்துக்காட்டினாலும் அதில் உணர்வு ஏறத்தாழ இல்லை என்றே அக்கோட்பாடு சொல்லும். ஆனால் மூளையைப் போலப் பின்னப்பட்ட சில்லில் இருக்கலாம். ஐபிஎம் 2014-இல் அறிவித்த ட்ரூநார்த், 10 லட்சம் செயற்கை நரம்பணுக்களோடு அந்தத் திசையில் வடிக்கப்பட்ட சில்லு. 2023-இல் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் இக்கோட்பாடு அறிவியலே அன்று என்று வெளிப்படையாக எழுதினர். கோட்பாடு நின்றாலும் வீழ்ந்தாலும், பூதவாதியின் தரப்பு இப்போது கூட்டின் அளவை விட்டுக் கூடும் முறையைப் பற்றிப் பேசுகிறது; எதிர்த்தரப்போ எம்முறையில் கூடினாலும் கூடியது சடமே என்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லும் அளவுகோல் எதையும் செயலிகளின் வரலாறு இதுவரை தரவில்லை.