வாயில் திறக்குமுன்

விடியற்காலையில் மாசாய்ச் சாலைகளில் தொழிற்சாலைப் பேருந்துகள் பாசிர் கூடாங்கை நோக்கி விரைகின்றன. அதே ஜொகூர் மாநிலத்தில், 2012 செப்டம்பர் 15ஆம் நாள் திறக்கப்பெற்ற லெகோலாண்டு கேளிக்கைப் பூங்காவின் ஊழியரும் பிறர் வருமுன்னே வந்து நிற்க வேண்டியவர்களே. முன்னவர் ஆக்குவது பொருள். பின்னவர் ஆக்குவது மகிழ்ச்சி. மகிழ்ச்சியைக் கூலிக்கு ஆக்க இயலுமா?

கலிபோர்னியாவில் 1955இல் தோன்றிய டிஸ்னிலாந்து, தன் ஊழியரை நடிகர் குழுவினர் என்றே அழைக்கிறது. புன்னகையும் அங்குப் பணியின் ஒரு கூறு. அமெரிக்கச் சமூகவியலறிஞர் ஆர்லி ஹாக்ஷீல்டு, 1983இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்களின் இத்தகைய உழைப்பை 'உணர்ச்சி உழைப்பு' எனக் குறித்து ஆராய்ந்தார். செயலை விலைக்கு வாங்கலாம். உள்ளத்தை வாங்குதல் அரிது.

வள்ளுவர் விருந்தோம்பலை இல்வாழ்வானின் அறமாக வைத்தார். விருந்தினரின் முகம் வாடலாகாது என்பது அவர் கருத்து. ஓம்புவோரின் முகம் வாடினால் அதைக் காண்பவர் யார்?

பூங்காவின் ஆண்டு நிறைவன்று, வாயில் திறக்குமுன் ஊழியர்க்கென எடுக்கப்பெறும் வைகறை விழாவுக்கு இங்கேதான் பொருள் உண்டாகிறது. அந்த ஒரு நாழிகை அவர்களே விருந்தினர். அவர்கள் புன்னகை அவர்களுக்கே உரியது. எனினும், ஒருநாள் இனிப்பு ஆண்டு முழுவதற்கும் ஈடாகாது. நிறைவான கூலியும் உரிய ஓய்வும் முதலாளியின் கடன். புன்னகைக்கு மறுபுன்னகை தருவதோ, நுழைவுச்சீட்டு வாங்கிய ஒவ்வொருவரின் கடன்.