குண்டின் கண்ணும் நம் கண்ணும்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. வீட்டில் அமர்ந்தபடியே போர்க்களத்தைக் காணும் வசதி வந்த பிறகு, இப்பழமொழியை நாம் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1991 சனவரி 17 அதிகாலையில் பாக்தாத் மீது குண்டுகள் விழத் தொடங்கியபோது, அந்நகரின் ஓட்டலொன்றிலிருந்து சி.என்.என். செய்தியாளர்கள் அதை அக்கணமே உலகுக்கு விவரித்தார்கள். வளைகுடாப் போர் நிகழ நிகழவே இல்லங்களுக்குள் நுழைந்தது. ஆனால் நுழைந்தது போர்தானா?

அடுத்த வாரங்களில் உலகம் மிகுதியாகக் கண்டவை, கூட்டுப்படை விமானங்களிலிருந்து எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைக் காட்சிகள். நடுவே ஒரு குறி. அதற்குள் ஒரு கட்டடம் அல்லது பாலம். பிறகு வெண்ணிறமாய் ஒரு வெடிப்பு. அத்துடன் காட்சி முடிந்துவிடும். சனவரி 30 அன்று ரியாத்தில் தளபதி நார்மன் சுவார்ஸ்காப் செய்தியாளர்களுக்கு அத்தகைய படமொன்றைக் காட்டினார். குண்டு விழுவதற்குச் சற்று முன்னர் ஒரு வண்டி பாலத்தைக் கடந்து சென்றது. அதை ஓட்டியவனை அன்றைய ஈராக்கின் பெரிய அதிர்ஷ்டசாலி என்றார் தளபதி. அரங்கில் சிரிப்பு எழுந்தது.

சிரித்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்கள் அமர்த்தப்பட்ட இடம் அப்படி. அப்படத்தைக் காண்பவர் எவரும் குறிபார்ப்பவரின் இருக்கையில் அமர்கிறார். கீழே இருப்பவரின் முகம் அவருக்குத் தெரிவதில்லை. துன்பம் தொடங்கும் கணத்தில் படம் முடிந்துவிடுகிறது.

இது குறி தவறாத, தூய்மையான போர் என்ற எண்ணத்தையும் அக்காட்சிகள் விதைத்தன. உண்மையில், அப்போரில் வீசப்பட்ட குண்டுகளில் இலக்கு நோக்கி வழிநடத்தப்பட்டவை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேலும், குறி தவறாமை குற்றமின்மை ஆகிவிடாது. பெப்ரவரி 13 அன்று பாக்தாத்தின் அமிரியா பகுதியிலிருந்த பதுங்குமிடத்தின் மீது இரு குண்டுகள் துல்லியமாகவே விழுந்தன. இராணுவக் கட்டளை நிலையம் எனக் கருதித் தாக்கப்பட்ட அவ்விடத்தில் தஞ்சம் புகுந்திருந்த 400க்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டார்கள். அவர்களுள் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. குறி தவறவில்லை, குறித்தவரின் அறிவே தவறியது.

போர் முடிந்த நாளில், எரிந்த வண்டிக்குள் கருகிக் கிடந்த ஈராக்கிய வீரன் ஒருவனைக் கென்னத் ஜரெக் என்ற புகைப்படக் கலைஞர் படமெடுத்தார். இலண்டனின் 'அப்சர்வர்' இதழ் அதை வெளியிட்டது. அமெரிக்க நாளிதழ்கள் அன்று வெளியிடவில்லை. இறந்தவரின் மாண்பைக் காக்க வேண்டாமா என்று கேட்பது நியாயமே. ஆனால் பாலம் தகர்வதைச் சலிக்காமல் கண்ட கண், பாலத்தின்மேல் இருந்த மனிதனைக் காணக் கூசும்போது, நாம் காப்பது அவனுடைய மாண்பையா, நம்முடைய நிம்மதியையா?

எரிகோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனை மூவர் கண்டனர். மூவரின் கண்ணும் ஒன்றையே கண்டது. ஒருவர் மட்டுமே அருகில் சென்றார். தொலைக்காட்சி நம்மை அங்கே கொண்டு சேர்க்க இயலாது. தொலைவு அதன் பெயரிலேயே இருக்கிறது. எனினும் திரையில் வெடிப்பைக் காணும்போது, இதை எடுத்தவர் யார், எங்கே நின்று எடுத்தார், படம் முடிந்த பின் அங்கே என்ன நடந்தது என்று நாம் கேட்கலாம். தீர விசாரிப்பது என்பது அதுதான். கேட்காமல் கண்டுகொண்டே இருப்பவன் சாட்சி அல்லன்; வெறும் பார்வையாளன்.