யாருடைய கடன்?

முன்னிரவு முதல் வெறுவயிற்றுடன் சத்திர சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். “இண்டைக்கு ஒப்பரேஷன் இல்லையம்மா, வீட்டை போயிட்டு வாங்கோ” என்கிறாள் தாதி. கத்தி இருக்கிறது, கத்தி பிடிக்கும் வைத்தியரும் இருக்கிறார். மயக்க மருந்து கொடுத்து, மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் கணந்தோறும் காத்து, மீண்டும் கண்விழிக்கச் செய்பவர்தான் இல்லை. நோயாளி அவர் பெயரை அறிவதேயில்லை. அவர் இல்லாத நாளிலேதான் அவருடைய அருமை புலனாகிறது.

2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் அவசரமல்லாத சத்திர சிகிச்சைகளை நிறுத்தியது. மறு ஆண்டு ஆட்களுக்கே தட்டுப்பாடு. எம்பிலிப்பிட்டியவில் மயக்க மருந்து வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனமையால் சத்திர சிகிச்சைகள் நின்றன. அநுராதபுரத்தில் குழந்தை வைத்தியர்கள் போய்விட, ஒரு வாட்டே மூடப்பட்டது. ஓரிரு நிபுணரை நம்பி நிற்கும் எந்த வைத்தியசாலைக்கும், குடாநாட்டின் ஆதார வைத்தியசாலைகள் உட்பட, இதுவே விதி.

“மக்கள் பணத்தில் படித்தவர் ஓடலாமா?” என்கிறார்கள். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி பெற்ற நாட்டில் இக்கேள்வி நியாயமானதே. ஆனால் கேட்பவர் யார்? 2022 ஏப்பிரலில் வெளிநாட்டுக் கடனைத் தீர்க்க இயலாதென்று கைவிரித்த அரசு, 2023 சனவரியில் வருமான வரியை 36 வீதம்வரை உயர்த்திய அரசு, இளம் வைத்தியரிடம் கடன் நேர்மை பேசுகிறது!

யாழ்ப்பாணத்துக்கு இது பழைய வழக்கு. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் தேடி வெளியே போயினர். பின்னர் அவர் தமிழிலேயே கற்பித்தார், வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். தமிழிற் கற்றவன் ஊரிலே தங்குவான் என்பதும் அவர் எண்ணங்களுள் ஒன்று. அத்தொண்டு பெரிது. ஆயினும் கதவை அடைத்து ஒருவனை ஊரில் நிறுத்துவது அறமா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. இன்று பிணைப்பத்திரம் எழுதி வாங்குவதும் அதே கதவுதான். மனிதன் ஈடு வைக்கும் நகையல்லன்.

அதற்காக, “என் உரிமை” என்ற ஒரு சொல்லோடு விமானம் ஏறுபவரின் கணக்குத் தீர்ந்துவிடாது. அவர் கடன்பட்டிருப்பது மந்திரிக்கன்று. சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கட்டிய அந்த வெறுவயிற்றுப் பெண்ணுக்கு. ஒரு சதமும் செலவின்றி, பயிற்சி முடித்த வைத்தியரைப் பெற்றுக்கொள்ளும் பிரித்தானியாவும் அவளுக்குக் கடன்பட்டதே. அந்தப் பெயரை மட்டும் எவரும் பட்டியலிற் சேர்ப்பதில்லை.

நாமும் தப்ப முடியாது. பரிசளிப்பு விழா அறிக்கை ஒன்றை நானும் எழுதியிருக்கிறேன். இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள பழைய மாணவ வைத்தியர்களின் பெயர்களை அதில் நிரைப்படுத்தினேன். அவர்களோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ஒருவன் அருகிலுள்ள வைத்தியசாலையில் இரவு விழித்துப் பிறர் மூச்சைக் காத்துக்கொண்டிருந்தான். அவன் பெயரை எழுத எனக்குத் தோன்றவில்லை.