நடுங்குகிற குரலுக்கு யார் பொறுப்பு?

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் சம்பிகே ரோட்டுப் பக்கம் நாட்டு மருந்தும் பூஜைச் சாமானும் விற்கிற கடைகளில் வசம்பு கேட்டால் எடுத்துத் தருவார்கள். விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து, கைக்குழந்தையின் நாக்கில் தடவுவது பழைய வழக்கம். பேச்சு திருத்தமாக வருமாம். குழந்தை மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள், கேட்பவர் குறைவு. அதே குழந்தை பத்து வயதில், விருந்தாளிகள் இருக்கும்போது கூடத்துக்கு வந்து ஒரு கேள்வி கேட்டால், "பெரியவங்க பேசுறப்ப வாயை மூடு" என்று அதட்டல் விழுகிறது. பெண்பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம் விழுகிறது. பிறகு கல்லூரி மேடையில் அந்தப் பிள்ளைக்கு நா எழவில்லை என்றதும் ஹயக்ரீவருக்கு அர்ச்சனை செய்ய ஓடுகிறோம்.

நாக்கில் ஒரு குறையும் இல்லை. ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் அட்ரினலின் சுரக்கும். நெஞ்சு படபடக்கும், வாய் வறளும், கை நடுங்கும். தெருநாய் துரத்தினாலும் இதேதான் நடக்கும். நாலு பேர் கூடிய இடத்தை மூளை ஏன் ஆபத்து என்று நினைக்கிறது? சொல் தடுக்கியபோது சிரித்த வகுப்பறையும், உச்சரிப்பைக் கேலி செய்த உறவினரும் அதற்கு நன்றாக நினைவிருக்கிறார்கள். பயந்தவரைக் கோழை என்று சொல்ல நமக்கு வாயில்லை.

பம்பாய் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் குறுக்கு விசாரணைக்கு எழுந்த இளம் வக்கீல் காந்திக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்விகூடக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். வாங்கிய முப்பது ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார். 1893இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர், பிரிட்டோரியாவில் அங்கிருந்த இந்தியர்களைக் கூட்டிவைத்து அவர்களுடைய நிலைமையைப் பற்றிப் பேசினார். காது கொடுக்கிற கூட்டம் கிடைத்தது, சொல்லியே தீர வேண்டிய விஷயமும் இருந்தது, பேச்சு வந்தது.

நம் பேட்டையிலேயே ஓர் உதாரணம் உண்டு. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் மல்லேஸ்வரத்தில் 'பஞ்சவடி' என்ற வீட்டில் வாழ்ந்தவர். அவர் பேச எழுந்தால் சபை கட்டுண்டு கிடக்கும். 1933இல், பக்கத்திலேயே இருக்கும் இந்திய அறிவியல் கழகத்துக்கு அவர் இயக்குநராக இருந்தபோது, பம்பாயில் பட்டம் பெற்ற கமலா பாகவத் ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தார். பெண் என்பதால் ராமன் மறுத்தார். கமலா பெங்களூருக்கே வந்து, நோபல் பரிசு பெற்ற அந்த மனிதருக்கு நேர் எதிரே நின்று காரணம் கேட்டார். கடைசியில் கடும் நிபந்தனைகளோடு, ஓராண்டுச் சோதனையாகச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஓராண்டு உழைப்பைப் பார்த்த பிறகே ராமன் மனம் மாறினார். அதன்பின் மற்றப் பெண்களுக்கும் வழி பிறந்தது. கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். ஒளிச் சிதறலை அவ்வளவு நுட்பமாகப் பார்த்த கண்ணுக்கு எதிரே நின்ற மாணவியின் அறிவு தெரியவில்லை என்றால், திருந்த வேண்டியவர் யார்? கமலாவுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுத்திருந்தால் ஆயிற்றா?

பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. விஷயத்தை ஐயமறத் தெரிந்துகொள்வது, முதல் இரண்டு வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது, நாலு பேர் முன்னால் பேசிப் பழகி நாற்பது பேர் முன்னால் போவது, எல்லாமே பலன் தரும். தாயத்தைவிட நிச்சயம் பலன் தரும். ஆனால் பேசுபவரை மட்டும் பிடித்துத் திருத்திவிட்டு, சிரித்தவரைச் சும்மா விடுவது அநியாயம்.

நம் அடுக்குமாடிச் சங்கக் கூட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வருபவர்கள் எந்த லிஃப்டில் ஏறலாம் என்று அரைமணி நேரம் விவாதிப்பார்கள். ஸ்ரீராம்புரத்திலிருந்து விடிகாலையில் வந்து நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பெண்ணை யாரும் கூப்பிடுவதில்லை. "அவங்களுக்குக் கூச்சம், பேச மாட்டாங்க" என்று நாமே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். அந்தக் கூச்சத்தில் நம் பங்கு எவ்வளவு?

அடுத்த கூட்டத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். முதலில் அவர் பேசட்டும். தமிழும் கன்னடமும் கலந்து, நிறுத்தி நிறுத்திப் பேசட்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்காமல் கேட்கட்டும். யாராவது சிரித்தால், என்ன சிரிப்பு என்று எல்லோர் முன்னிலையிலும் அவரை எழுப்பிக் கேளுங்கள்.