கடைசி இடம்

2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளியான உலகச் சுற்றுச்சூழல் செயல்திறன் குறியீட்டில் 180 நாடுகளுள் இந்தியா 180ஆம் இடத்தைப் பெற்றது. முதலிடம் டென்மார்க்கிற்கு. யேல், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த அப்பட்டியலை நடுவண் அரசு ஏற்க மறுத்தது. 2024இல் நமக்குக் கிடைத்த இடம் 176.

அரசின் மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓர் இந்தியர் சராசரியாக வெளியிடும் கரியமில வாயு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. செல்வ நாடுகள் நுகரும் பொருள்கள் பல, பிற நாட்டு ஆலைகளில் உருவாகின்றன. பயன் அங்கே, புகை இங்கே. வடக்கு நாடுகள் தெற்கிற்குச் சூழலியல் கடன் பட்டிருப்பதைத் திருத்தந்தை பிரான்சிசும் 2015இல் தம் சுற்றுமடலில் சுட்டிக்காட்டினார். கடனைப் பங்கிட வேண்டிய இடத்தில் நாடுகளை ஒப்பிட்டே ஆகவேண்டும். அது நீதியின் பணி.

ஆனால் மனச்சான்றின் முன்னிலையில் அதே ஒப்பீடு என்னவாகிறது? கோவிலில் வேண்டிய பரிசேயர் பொய் சொன்னதாக நற்செய்தி கூறவில்லை. நோன்பும் காணிக்கையும் உண்மையே. அடுத்தவரை அளவுகோலாக வைத்துத் தம்மை அளந்துகொண்டதே அவரது பிழை. ‘எங்களைவிட அவர்களே மிகுதியாக மாசுபடுத்துகிறார்கள்’ என்று நாம் சொல்லி அமைதி கொள்வதும் அதே வேண்டுதல்தான் அல்லவா?

மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் நாம் வாசலில் வைத்த குப்பை பல்லாண்டுகளாகப் பெருங்குடிக்குச் சென்று, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின்மேல் மலையாகக் குவிந்தது. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீரைத் தாங்கும் நிலம் அது. வலசை வரும் பறவைகளுக்கு இல்லம். அது சுருங்கச் சுருங்க, வெள்ளம் வீடுகளைத் தேடி வருகிறது. நாம் கடைசி இடம் பெற்ற அதே 2022இல் அச்சதுப்பு நிலம் உலகச் சிறப்புவாய்ந்த ராம்சர் தளமாயிற்று. ஒரே ஆண்டில் ஓர் இழிவு, ஒரு பெருமை. இரண்டில் எதுவும் நம் வீட்டுக் குப்பைக்கூடையை மாற்றவில்லை.

பெசன்ட் நகர்க் கடற்கரையில் 1988 முதல் மாணவர் குழு ஒன்று தை, மாசி இரவுகளில் ஆமை முட்டைகளைத் தேடிக் காத்து வருகிறது. 2025 சனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னைக் கரையில் இறந்து ஒதுங்கியபோதும் அவர்கள் நடந்தார்கள். அந்த நடையால் பட்டியலில் நாட்டின் இடம் உயரப்போவதில்லை. அதை எண்ணி அவர்கள் நடக்கவுமில்லை.

பட்டியலில் பிழையிருந்தால் அறிஞர்கள் திருத்தட்டும். நாளைக் காலை வாசலில் குப்பையை வைக்கும்போது, அது யாருடைய நிலத்தில் போய் விழும் என்று நாம் ஒரு கணம் நின்று எண்ணுவோமா?